லீவர் பிடிக்காத கை

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சுகம். என் சுகத்தை எந்த அளவுகோலால் அளப்பது என்று கேட்காதே. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், உன்னைத் திட்டத் தெம்பு இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் பார்சல் வந்தது. தள்ளாட்டம் நிற்கும் என்று நீ அனுப்பிய காந்தப் பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு நேராக என் பியூட்டி பார்லருக்குப் போனேன். ஏண்டா, கொண்டை ஊசியும் கிளிப்பும் நிறைந்த கடைக்குள் யாராவது காந்தத்தோடு நுழைவார்களா? மேசையோரம் லேசாகச் சாய்ந்தேன். ஒரு டப்பா ஊசி மொத்தமும் என் இடுப்பில். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த வங்கி மேடம், “என்னம்மா, முள்ளம்பன்றி வைத்தியமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் சாயம் அவர் மூக்குக்கே வந்துவிட்டது.

நானும்தான் சிரித்தேன். ஆனால் கத்தரிக்கோலை மாட்டி வைத்து ஆறு மாதம் ஆகிறது. கை குறி தவறுகிறது. யார் காதையாவது வெட்டிவிடுவேனோ என்று பயம். வேலைக்கு இருக்கும் இரண்டு பெண்களும் முடி வெட்டுகிறார்கள், நான் தலை அலசிவிடுகிறேன். சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது, மருந்து இன்னும் வரவில்லை என்று டாக்டர் சொன்னதையே திரும்பச் சொல்கிறார். லட்சத்தில் ஓரிருவருக்கு வருவதாம். அந்த ஓரிருவரும் நம் வீட்டிலேயே பிறக்க வேண்டுமா? அப்பாவுக்கும் இதுதான் இருந்திருக்கிறது. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதரை, தள்ளாடி நடந்ததற்காகத் தெருவே குடிகாரர் என்றது.

நாக்கும் கனக்கிறது. கட்டட சைட்டில் போன் சிக்னல் இல்லை, கடிதம் போடு என்று நீ சொன்னதே நல்லதாகப் போயிற்று. போனில் என் குழறலைக் கேட்டு நீ அழ வேண்டாம் பார்.

இது பரம்பரை நோய், உன்னையும் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லி டாக்டர் சொன்னதைப் போன கடிதத்தில் எழுதினேனே. செய்தாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

&nbsp;

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். கையால் எழுத நேரமில்லை, ஆபீஸ் கம்ப்யூட்டரில் தட்டுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முள்ளம்பன்றியை நினைத்துக் கிரேன் கூண்டுக்குள் தனியாகச் சிரித்தேன். கீழே இருந்து சிக்னல்காரர் வாக்கிடாக்கியில், “அண்ணே, மேல காத்து அதிகமா?” என்று கேட்டார். இந்தக் கட்டடம் முப்பது மாடியைத் தாண்டிவிட்டது. மேலே இருந்தால் ஊர் முழுக்கத் தெரியும். லீவரைப் பிடித்து ஒரு பெரிய இரும்புக் கம்பிக் கட்டை ஆள் தலை எதிலும் படாமல் பூப்போல இறக்கிவைக்கும்போது வரும் நிம்மதி வேறு எதிலும் இல்லை அக்கா.

காந்தம் போகட்டும். இத்துடன் ஒரு பொடி அனுப்புகிறேன். நரம்புக்கு மிக நல்லது என்கிறார்கள். சாப்பிட்ட பிறகே குடி. வெறும் வயிற்றில் குடித்தால் உதடு மரத்துப்போய்த் தண்ணீர் தாடையில் வழியும். தேன் கலந்தாலும் கசப்பு மறுநாள் வரை நாக்கிலேயே நிற்கும். மூன்றாம் நாள் வயிறு கலக்கும், பயப்படாதே.

இன்னொன்று. வெளிநாட்டில் ஒரு கிளினிக். முதுகுத்தண்டில் ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்கள். எழுந்து ஓடியவர்களின் வீடியோக்களைப் பார்த்தேன். விசாரித்து வைத்திருக்கிறேன். நீ மாட்டேன் என்று மட்டும் சொல்லாதே.

அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி

&nbsp;

பிப்ரவரி 22

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது. பரிசோதனை பற்றிக் கேட்டேன், கிணற்றில் போட்ட கல்லாக இருக்கிறாய்.

பொடி நீ சொன்னபடியே கசந்தது, நீ சொன்னபடியே வயிற்றைக் கலக்கியது. அதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. டாக்டரிடம் காட்டினேன். “கல்லீரலையும் சேர்த்துக் கெடுத்துக்கணுமா?” என்று பிடுங்கி வைத்துக்கொண்டார்.

வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். ஒருத்தி கழுத்துவரை மணலில் புதைந்திருக்கச் சொன்னாள். இன்னொருத்தி தேனீ வைத்தியரையே கையோடு அழைத்து வந்துவிட்டாள். அவர் டப்பாவில் தேனீயோடு நின்றார். கொட்டவைப்பது வலது கையிலா இடது கையிலா என்று கேட்டார். முதலில் என் தம்பியைக் கேட்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். உனக்குத்தான் இதிலெல்லாம் ஞானம்.

ஒரு நல்ல செய்தி. டாக்டர் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். வழுக்கைத் தலை, விசில் மட்டும்தான் பாக்கி. நாங்கள் வைத்த பெயர் சார்ஜென்ட். முதல் நாளே சொல்லிவிட்டார்: “நோயை நிறுத்துறேன்னு சொல்லமாட்டேன். அப்படிச் சொல்றவன் யாராயிருந்தாலும் நம்பாதீங்க. ஆனா தினம் ஒழுங்கா பழகினா, போன நடையில கொஞ்சத்தை உடம்புகிட்டேயிருந்து திரும்ப வாங்கலாம். விட்டா, வாங்கினதும் போயிடும்.”

என் கடையைப் பார்த்ததும் அவருக்கு ஒரே குஷி. இரண்டு பக்கமும் கண்ணாடி, நடுவில் நீளமாக வழி, பிடித்துக்கொள்ள வரிசையாக நாற்காலிகள். “ஆஸ்பத்திரியில கூட இது இல்லம்மா!” குதிகாலை ஒட்டிப் பெருவிரல் வைத்து அந்த வழியில் நடக்க வேண்டும். நேற்று நாலாவது அடியில் வங்கி மேடம் மடியில் போய் உட்கார்ந்தேன். அவர் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பரவாயில்ல, போன தடவை ரெண்டாவது அடியிலேயே வந்தீங்க” என்றார்.

அக்கா

&nbsp;

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

அந்த சார்ஜென்ட் செய்வது பள்ளிக்கூட டிரில். சுருங்கும் மூளையை டிரில் என்ன செய்யும்? உனக்கு விளையாட்டாக இருக்கிறது. நாள் போகிறது அக்கா, நாள் போகிறது. கிளினிக்கில் ஜூன் மாதம் இடம் வாங்கிவிட்டேன். ஒரு முறை நான் சொல்வதைக் கேள்.

தேனீ வைத்தியத்தைத் தள்ளிவிடாதே. கொட்டிய இடம் இரண்டு நாள் வீங்கும், விரல் மடங்காது. அதனால் லீவர் பிடிக்காத கையில் போட்டுக்கொள்வது நல்லது. கழுத்துப் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், மூச்சு முட்டும்.

இங்கே வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

உன் தம்பி

&nbsp;

மார்ச் 26

தம்பி,

நீ நலம் என்று எழுதினாய். நான் நம்பவில்லை.

எனக்கு ஏதுடா லீவர்?

நான் பிடிப்பது சீப்பும் ஷவர் குழாயும். உன் கடிதத்தைத் தலை அலசும் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து படித்தேன். அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. பிறகு பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். பொடி குடித்தால் தண்ணீர் தாடையில் வழியும் என்று டப்பாவில் போட்டிருக்கவில்லை. கையெழுத்துக்குப் பள்ளியில் பரிசு வாங்கியவன் கம்ப்யூட்டரில் தட்டுகிறான். சிக்னல் இல்லாத சைட்டில் வீடியோ மட்டும் எப்படிப் பார்க்கிறான்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோறு நன்றாயிருக்கிறதா என்று என்னையே கேட்டிருக்கிறாய்.

உனக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு மருந்தையும் முதலில் நீ தின்று பார்த்துவிட்டு எனக்கு அனுப்பியிருக்கிறாய்.

அழுதேன். அத்தான் கேட்டார், சொன்னேன், அவரும் அழுதார். அது இருக்கட்டும். இப்போது அக்காவாகச் சொல்கிறேன், கேள். நீ நாளைக்கு அந்தக் கூண்டுக்கு ஏறக் கூடாது. எட்டு மாதம் முன்பு நான் கத்தரிக்கோலை வைத்தது ஒரு காதுக்காக. உன் கொக்கியில் தொங்குவதற்குக் கீழே எத்தனை தலைகள் இருக்கின்றன? ஒருத்தர் மேல் விழுந்தால் நீ மிச்சமிருக்கும் நாளை எப்படி வாழ்வாய்? வேலை போனால் போகட்டும். எனக்குக் கடை இருக்கிறது, வீடு இருக்கிறது, நான் இருக்கிறேன்.

கீழே இறங்கு. இறங்கிவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 17

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் வரி வரவில்லை. போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய்.

கோபமாக எழுதிவிட்டேன். ஆனால் எழுதியதில் ஒரு சொல்லையும் திருப்பி வாங்க மாட்டேன். இறங்கினாயா?

அக்கா

&nbsp;

மே 5

அன்புத் தம்பிக்கு,

சுகம். பதில் இல்லாவிட்டாலும் நான் எழுதுவேன், நீ படிப்பாய் என்று தெரியும். பத்து நாளில் வரி வராவிட்டால் அத்தான் கிளம்பி வருவார். அவர் பேச மாட்டார், வாசலில் உட்கார்ந்தே இருப்பார். அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

இங்கே நடந்ததைக் கேள். புதிதாக வந்த ஒரு பெண்மணி என் நடையைப் பார்த்துவிட்டு, “காலங்காத்தாலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டாளா?” என்று பக்கத்து நாற்காலியில் இருந்தவளிடம் கேட்டாள். அப்பா இந்தப் பேச்சைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடப்பார், நடந்து இன்னும் தள்ளாடுவார். எனக்கு அந்தக் குனிவு நினைவுக்கு வந்தது. எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, சாயம் பூசும் பிரஷ்ஷை எடுத்து ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வாசல் கண்ணாடியில் ஒட்டினேன்: முதலாளியம்மா குடிக்கவில்லை. சிறுமூளையில் நோய். நடை அப்படித்தான் இருக்கும், தலை அலசுவது பிரமாதமாக இருக்கும்.

எழுத்து கோணல்மாணல். சாயம் வழிந்து பார்க்கவே பயமாக இருந்தது. ஆனால் அன்றைக்கு என்ன கூட்டம் தெரியுமா! அந்தப் பெண்மணி மறுவாரமும் வந்தாள். என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். “கையை விடுங்க, நான் நடக்கணும்” என்றேன்.

நடந்தேன்டா. கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, எதையும் தொடாமல். சார்ஜென்ட் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் நின்றார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே அம்மி நான்தான். நகர்ந்துவிட்டேன்.

நீயும் நகரலாம். முதலில் இறங்கு.

அக்கா

&nbsp;

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

இது என் கையெழுத்து. பார்த்துக்கொள். பரிசு கொடுத்தவர்கள் திரும்பக் கேட்டால் கொடுத்துவிடு.

இறங்கிவிட்டேன்.

உன் மார்ச் கடிதம் வந்த மறுநாள் காலை வழக்கம்போல ஏணியடிக்குப் போனேன். மேலே பார்த்தேன். கீழே கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தேன். உன் கேள்வி காதில் கேட்டது. நேராக எங்கள் சைட் எஞ்சினியரம்மாவின் அறைக்குப் போய், “மேடம், எனக்கு உடம்பு சரியில்ல. இனிமே ஏற மாட்டேன்” என்றேன். அதைச் சொல்ல ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது. ஆமாம், உன் நோய் உனக்குத் தெரிவதற்கு முன்பே என்னுடையது எனக்குத் தெரியும். இதுவரை ஒன்றும் விழவில்லை அக்கா. அது என் திறமை இல்லை, அதிர்ஷ்டம் என்று இப்போதுதான் புரிகிறது.

இரண்டு பேரில் ஒருத்தர் பாரமே வீட்டுக்குப் போதும் என்றுதான் மறைத்தேன். ஏதாவது ஒரு மருந்து எனக்கு வேலை செய்தால் உனக்கு அனுப்பிவிட்டு, “பார்த்தாயா” என்று சொல்லலாம் என்றிருந்தேன். ஒன்றும் வேலை செய்யவில்லை. வேலை செய்யாததையும் அனுப்பினேன், உனக்காவது செய்யாதா என்று. தேனீ கொட்டி இரண்டு நாள் லீவு போட்டேன். கிளினிக்குக்கு இரண்டு பேர் பெயரையும் கொடுத்திருந்தேன். இங்கே ஒரு நரம்பியல் டாக்டரிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். “ஓடுறவங்களுக்கு இந்த நோய் இருந்ததுன்னு யார் சொன்னது?” என்று கேட்டார். அன்றே ரத்து செய்தேன். பிறகு ஒரு மாதம் படுத்தே கிடந்தேன். உன் கடிதங்கள் எல்லாம் தலையணைக்குக் கீழே. பதில் எழுத வெட்கமாக இருந்தது.

எஞ்சினியரம்மா நேற்று கூப்பிட்டார். கிரேன் தூக்கும் வேலைகளுக்குத் திட்டம் போடும் அறையில் ஆள் தேவையாம். எந்தக் கட்டு எவ்வளவு கனம், காற்று எப்படி, எந்தக் கயிறு என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பது. மேலே இருந்து பார்த்தவனுக்குத்தான் அது தெரியும் என்கிறார். ஒரே நிபந்தனை: “தடி பிடிக்கலாம். ஆளைப் பிடிக்கக் கூடாது. சைட்டுக்குள்ள தனியா நடக்க முடியாதவங்களுக்கு அனுமதி இல்ல. அது உங்க பாதுகாப்புக்கு.” செப்டம்பர் வரை இடத்தைக் காலியாக வைப்பாராம்.

நான் தங்கியிருக்கும் அறைக்கும் சைட்டுக்கும் நடுவில் ஆறு வழிச் சாலை. கூட இருக்கும் வெல்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு போனாலே நடுவிலேயே சிக்னலில் சிவப்பு விழுந்துவிடுகிறது. எப்படி அக்கா?

அத்தானை அனுப்ப வேண்டாம்.

தம்பி

&nbsp;

ஜூன் 2

என் தங்கத் தம்பிக்கு,

அத்தானை அனுப்பவில்லை. நான் வருகிறேன்.

தனியாகத்தான். அத்தான் ரயில் ஏற்றிவிடுவார், நீ வந்து இறக்கிக்கொள். அவர் பயப்படுகிறார், நானும் பயப்படுகிறேன், சார்ஜென்ட் மட்டும் பயப்படவில்லை. “ஓடுற ரயில்ல நிக்கிறதைவிட நல்ல பயிற்சி எதும்மா இருக்கு?” என்கிறார். உனக்கு என்னென்ன பழக்கணும் என்று ஒரு வாரமாக என்னை மனப்பாடம் செய்யவைக்கிறார். போகும்போது உன் டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டுமாம்.

அறையில் நடக்க இடம் ஒதுக்கி வை. அந்த வெல்டரிடம் சொல், அவர் தோளுக்கு இனி ஓய்வு.

பார்த்து எத்தனை நாளாயிற்று!

அக்கா

&nbsp;

ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாகப் போய்ச் சேர்ந்தாயா? நீ போன பிறகு அறை வெறிச்சோடிக் கிடக்கிறது. வெல்டர்கூட, “சத்தம் போட ஆளில்லாம தூக்கமே வரல அண்ணே” என்கிறார்.

ரயிலிலிருந்து நீ இறங்கிய விதத்தை மறக்க மாட்டேன். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், நீ தடியை ஊன்றி ஆடி ஆடி வருகிறாய். கிட்டே வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம், இரண்டு பேர் குழறலும் கலந்து யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிளாட்பாரமே பார்க்கிற மாதிரி சிரித்தோம். இந்த நோய் வந்த பிறகு அப்படி ஒரு சிரிப்பு நான் சிரித்ததில்லை.

நீ இருந்தபோது சாலையின் நடுத்திட்டு வரைதான் முடிந்தது. இப்போதும் அங்கேயேதான் நிற்கிறேன். இரண்டு பச்சை வேண்டியிருக்கிறது. முந்தாநாள் விழுந்தேன், முழங்கை உரசியது, ஒரு பேருந்துக்காரர் இறங்கி வந்து தூக்கிவிட்டார். மறைக்காமல் எழுதிவிட்டேன் பார். காலைப் பார்க்காதே, எதிர்க் கம்பத்தைப் பார் என்று நீ கத்தியது காதிலேயே நிற்கிறது. வாகனம் இல்லாத விடியற்காலையில் போய்ப் பழகுகிறேன். டிரில்லைப் பற்றிப் பேசிய வாயை சார்ஜென்ட் மன்னிக்க வேண்டும்.

பரிசோதனைக்குப் போனாயா? மறைக்காமல் எழுது.

தம்பி

&nbsp;

ஆகஸ்ட் 18

அன்புத் தம்பிக்கு,

சுகம், நிஜமாகவே சுகம். டாக்டர் என்னை நடக்கவைத்து, மூக்கைத் தொடவைத்து, பேசவைத்து மதிப்பெண் போட்டார். போன வருடத்தைவிட நடையில் தேறியிருக்கிறேனாம். நிற்பதிலும் அப்படியே. பேச்சு மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “நோய் போகல, அது தெரியுமில்ல?” என்றார். “அது போகலன்னா என்ன டாக்டர், நானும் போகல!” என்றேன். குழறிக்கொண்டேதான் சொன்னேன், ஆனால் அவருக்கு நன்றாகப் புரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அத்தான் ஸ்கூட்டரில் பாடிக்கொண்டே வந்தார். பேசாத மனுஷன்டா! நல்ல வேளை, சாலையில் கூட்டம் இல்லை.

நடுத்திட்டு பாதிச் சாலை. பாதி வந்தவனுக்கு மீதி எவ்வளவு?

அக்கா

&nbsp;

செப்டம்பர் 6

அக்கா,

நலம் விசாரிக்க இன்று பொறுமை இல்லை. கடந்துவிட்டேன்!

திட்டம் போட்டுக் கடக்கவில்லை. காலையில் பழகப் போனேன், தூறல் விழுந்தது, திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது பச்சை விழுந்தது. கால் தானாகக் கிளம்பிவிட்டது. தடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கம்பத்தைப் பார்த்தேன். நடுத்திட்டு வந்தது, போனது. பின்னால் ஒரு லாரி உறுமியது, நான் திரும்பவில்லை. எதிர்த் திட்டில் கால் வைத்த பிறகுதான் சிவப்பு விழுந்தது. ஒரே பச்சை அக்கா! யார் கையும் இல்லை!

அந்தப் பக்கம் போன பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. அதுவரை யோசித்ததே இல்லையே. அப்படியே எஞ்சினியரம்மா அறைக்கு நடந்தேன். சட்டையெல்லாம் ஈரம். அவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. இழுப்பறையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார். “உக்காருங்க, வேலை நிறையக் கிடக்கு” என்றார்.

இதை அந்த மேசையிலிருந்துதான் எழுதுகிறேன். ஜன்னலில் என் கிரேன் தெரிகிறது. வேறொருவர் ஓட்டுகிறார். இன்று அவர் தூக்கிய முதல் கட்டுக்கு நான்தான் கணக்குப் போட்டேன். பூப்போல இறங்கியது.

உன் தம்பி

&nbsp;

செப்டம்பர் 13

என் ராஜாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், கடையே சுகம். உன் கடிதத்தை நானே எழுந்து நின்று சத்தமாகப் படித்தேன். நாக்கு இரண்டு மூன்று இடத்தில் மாட்டியது. கேட்பதற்காக டிரையரைக்கூட நிறுத்திவிட்டார்கள். சிவப்பு விழுந்தது என்று படித்ததும் வங்கி மேடம் பாதி முடி வெட்டிய தலையோடு எழுந்து கைதட்டினார். பிறகு அத்தனை பேரும். அத்தான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டு தெருவைப் பார்ப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சார்ஜென்ட் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் விடுவாரா?

“எல்லாம் சரிம்மா. திரும்பி வரும்போது எத்தனை பச்சை ஆச்சுன்னு கேட்டு எழுதுங்க.”

“அவன் வேலைக்குப் போயிருக்கான் சார்,” என்றேன். “வரும்போது மெதுவா வரட்டும்.”

உன் அக்கா